பீட்டா டிரைவரும் ஒன்பது நாள் கெடுவும்

கடிதத்தின் சாரம்

கடிதம் எழுதிய வாசகி, வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங் செய்து கொடுப்பவர். இருப்பது ஒரே டெஸ்க்டாப். பகலில் அது அவருடையது, இரவு பத்து மணிக்கு மேல் கல்லூரியில் படிக்கும் தம்பியுடையது. நாற்பது நிமிட ஆவணப்படம் ஒன்றை இன்னும் ஒன்பது நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று வாரமாக, எக்ஸ்போர்ட் (எடிட் செய்த படத்தைக் கோப்பாக எடுப்பது) ஓடும்போது திரை இரண்டு மூன்று விநாடி கருத்துவிட்டுத் திரும்புகிறது. இரண்டு முறை எக்ஸ்போர்ட் பாதியில் நின்றே போனது. தம்பிக்கு வேறு தொல்லை. புதிதாக வாங்கிய கேம் ஒரு கட்டத்துக்கு வந்ததும் க்ராஷ் ஆகிறது. கம்ப்யூட்டரில் படம் காட்டும் பாகமான கிராஃபிக்ஸ் கார்டின் நிறுவனம், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, வெளியிட்டிருக்கிறது. அதன் குறிப்பில் அந்த கேமின் பெயர் போட்டு, க்ராஷ் சரிசெய்யப்பட்டதாக எழுதியிருக்கிறதாம். "போட்டுப் பாக்கலாம்க்கா, சரிவரலைன்னா ஒரே க்ளிக்ல பழசுக்குப் போயிடலாம்" என்கிறாராம் தம்பி. பீட்டா போட்டால் கார்டே எரிந்துவிடும் என்கிறாராம் தோழி. போட்டால் எக்ஸ்போர்ட் சிக்கலும் தீருமா, கார்டுக்கு ஆபத்தா, வாரண்டி போய்விடுமா, சான்றிதழ் பெற்ற டிரைவர் வரும்வரை காத்திருந்தால் பிரச்சினையே வராதா என்று கேட்கிறார்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

படத்தை ஒப்படைக்கும்வரை பீட்டா டிரைவர் வேண்டாம். ஒப்படைத்த பிறகு, கீழே சொல்லும் முன்னேற்பாடுகளோடு தாராளமாகப் போட்டுப் பாருங்கள். தம்பி கேட்பதில் தவறில்லை, கேட்கிற நேரம்தான் சரியில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பீட்டா பற்றிய கேள்வி இல்லை. நடுவில், அடைப்புக்குறிக்குள், "போன மாசக் கடைசில தம்பி கார்டு ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டி வச்சான்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பத்தி தள்ளி, மூன்று வாரமாகத் திரை கருக்கிறது என்கிறீர்கள். இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாக எதையும் ஏற்றுவதற்கு முன்னால், கடைசியாக மாற்றியதைப் பழையபடி வைக்க வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திரை ஏன் கருக்கிறது

விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்தே ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் இல்லையென்றால், கார்டு மாட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி, டிரைவரை மறுபடி தொடங்கி வைக்கும். நீங்கள் பார்க்கும் கருப்பு பெரும்பாலும் அந்த இடைவெளிதான். திரும்பி எழும் டிரைவருக்குக் கையில் இருந்த வேலை நினைவிருக்காது. எக்ஸ்போர்ட் அறுந்துபோவது அதனால்தான்.

இதற்கு டிரைவரின் பிழை ஒரு காரணமாக இருக்கலாம். கூட்டி வைத்த வேகம், சூடு, சரியாக அழுந்தாத மின் இணைப்பு, கார்டின் நினைவகம் நிரம்பிவிடுவது ஆகியவையும் இதே கருப்பைத் தரும். "கேம் நல்லாத்தானே ஓடுது" என்று தம்பி சொல்லலாம். கேமில் சுமை ஏறும், இறங்கும். மெனுவுக்குப் போனால் கார்டு மூச்சு விட்டுக்கொள்ளும். நீண்ட எக்ஸ்போர்ட்டில் அந்த இடைவெளி கிடைக்காது. கேமில் தாக்குப்பிடிக்கும் வேகம் எக்ஸ்போர்ட்டின் இருபதாவது நிமிடத்தில் கைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள்: அவருடைய கேம் க்ராஷ் ஆவதற்கும் இதே கூட்டிய வேகம் காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் எந்த பீட்டாவும் அதைத் தீர்க்காது.

ஆகவே இன்றே கார்டின் வேகத்தைத் தொழிற்சாலை அளவுக்குத் திருப்பி வையுங்கள். பிறகு கடைசியாக நின்றுபோன அதே பகுதியை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதோடு, விண்டோஸில் நடந்ததையெல்லாம் பதிவாகக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் 4101 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டது என்பதற்கு விண்டோஸ் போடும் குறிப்பு அது. ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கும். திரை கருத்த நேரத்தில் 4101 இல்லவே இல்லையென்றால் சந்தேகம் மானிட்டர் கேபிள் பக்கம் போகிறது.

இணையத்தில் தேடினால் அந்த 2 விநாடியை 8, 10 என்று விண்டோஸின் உள் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் நீட்டச் சொல்லும் வழி கண்ணில் படும். சில முப்பரிமாண மென்பொருள் நிறுவனங்களே தங்கள் கனமான வேலைகளுக்காக அப்படிப் பரிந்துரைப்பதுண்டு. உங்கள் விஷயத்தில் அது காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை ஒளித்து வைப்பது போலாகிவிடும். முதலில் அதைத் தொடாதீர்கள்.

பீட்டா என்றால் என்ன

ஒவ்வொரு பெரிய கேமுக்கும் டிரைவருக்குள் தனித்தனித் திருத்தங்கள் இருக்கின்றன. எத்தனை மாடல் கார்டு, எத்தனை வகை மானிட்டர், விண்டோஸின் எத்தனை பதிப்பு என்று கணக்குப் போட்டால், எந்த நிறுவனத்தாலும் எல்லாச் சேர்க்கையையும் தன் சோதனைக்கூடத்திலேயே பார்த்துவிட முடியாது. பீட்டா என்றால், அந்தச் சோதனையின் கடைசிப் பகுதி நம் வீட்டில் நடக்கிறது என்று பொருள். இன்டெல் தன் ஆர்க் கார்டுகளுக்கான டிரைவர்கள் சிலவற்றை பீட்டா என்று பெயர் போட்டே தருகிறது. ஏஎம்டி, பரிந்துரைக்கப்பட்டது, விரும்பினால் போடலாம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. என்விடியா அவசரத் திருத்தங்களை ஹாட்ஃபிக்ஸ் என்கிறது. அவை பீட்டா தரத்தில் உள்ளவை, வழக்கமான சோதனை வெகுவாகச் சுருக்கப்பட்டிருக்கிறது, உள்ளது உள்ளபடியே தருகிறோம் என்று வெளிப்படையாகவே அறிவித்துவிடுகிறது. அந்தத் திருத்தங்கள் அடுத்து வரும் வழக்கமான பதிப்பில் சேர்ந்துவிடும். தம்பி பார்த்தது அப்படிப்பட்டதாக இருந்தால், கொஞ்சம் பொறுத்தால் அதே மருந்து முழுச் சோதனையோடு கைக்கு வரும்.

புதியது என்பதால் எல்லாம் வேகமாக ஓடும் என்று எண்ண வேண்டாம். குறிப்பில் பெயர் இருக்கும் கேமுக்கும், மென்பொருளுக்கும் பலன் இருக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. சொல்லப்போனால் டிரைவர் மாறிய பிறகு முதல் சில நிமிடம் கேம் திக்கித் திக்கி ஓடும். காட்சிகளை வரைய பழைய டிரைவர் முன்கூட்டியே தயாரித்துச் சேமித்து வைத்திருந்த ஷேடர் கேஷ் செல்லாமல் போய், எல்லாம் புதிதாகத் தயாராவதுதான் காரணம். அந்த நேரத்தை வைத்து நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

சான்றிதழை எவ்வளவு நம்பலாம்

மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூஎச்க்யூஎல் சான்றிதழ், வகுக்கப்பட்ட சில சோதனைகளில் டிரைவர் தேறியது என்பதற்கான சான்று. உங்கள் எடிட்டிங் மென்பொருளை உங்கள் டைம்லைனோடு ஓட்டிப் பார்த்ததற்கான சான்று இல்லை. 2016 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 364.47 டிரைவர் அந்தச் சான்றிதழ் பெற்றதுதான். அதைப் போட்ட பலருக்குக் கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றது. மறுநாளே 364.51 வந்தது, அதுவும் பீட்டாவாக. 2015 நவம்பரில் ஏஎம்டியின் கிரிம்சன் டிரைவர் சில கார்டுகளில் விசிறியைக் குறைந்த வேகத்திலேயே கட்டிப்போட்டபோதும், திருத்தம் 15.11.1 என்ற பீட்டாவாகத்தான் வந்தது. சான்றிதழ் இருந்தால் பிரச்சினையே வராது என்று நீங்கள் எழுதியதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: சான்றிதழ் பெற்றதில் வாய்ப்புக் குறைவு, அவ்வளவே. சில நாட்களில் பீட்டாவே சரியான தேர்வாகவும் இருக்கும். உங்கள் கோளாறின் பெயர் அதன் குறிப்பில் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் கோளாறு அதில் இல்லை. தம்பியின் கோளாறு இருக்கிறது.

குறிப்பைப் படிக்கும்போது சரிசெய்யப்பட்டவை பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்து, இன்னும் தீராத பிரச்சினைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நான் எப்போதும் அதைத்தான் முதலில் படிப்பேன். உங்கள் எடிட்டிங் மென்பொருளின் பெயர் அதில் இருந்தால், பேச்சு அங்கேயே முடிந்தது.

கார்டு எரியுமா

டிரைவர் உங்கள் டிஸ்கில் இருக்கும் மென்பொருள். பொதுவாகக் கார்டுக்குள் நிரந்தரமாக எதையும் எழுதாது. கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றுவது வேறு வேலை, அது உண்மையிலேயே ஆபத்தானது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சூடு எல்லை மீறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், அதற்கும் மேல் போனால் அணைந்துபோகவும் கார்டுக்கே சொந்தமாக ஏற்பாடு இருக்கிறது.

அதற்காகத் தோழியின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். விசிறியைக் கட்டுப்படுத்துவதில் டிரைவருக்கும் பங்கு உண்டு. 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவரில் விசிறிக் கட்டுப்பாடு பிசகி, கார்டுகள் அதிகமாகச் சூடாவதாகப் புகார்கள் வந்தன. கேம் நிறுவனமான பிளிஸ்ஸார்டே தன் ஆட்டக்காரர்களை எச்சரித்தது, டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே எந்தப் புது டிரைவரைப் போட்டாலும் முதல் கால்மணி நேரம் கூடவே இருங்கள். பழைய டிரைவரில் அதே கேம் ஓடும்போது சூடும் விசிறி வேகமும் எவ்வளவு என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. காதையும் பயன்படுத்துங்கள். 2025 ஏப்ரலில் வந்த என்விடியா 576.02 டிரைவரில், ஸ்லீப்பிலிருந்து எழுந்த கம்ப்யூட்டரில் சூட்டைக் காட்டும் எண் உறைந்து நின்றுவிடும் பிழை இருந்தது, 576.15 ஹாட்ஃபிக்ஸ் அதைச் சரிசெய்தது. எண் அசையாமல் நிற்கிறது, பெட்டியோ தணலாகச் சுடுகிறது என்றால் பெட்டியை நம்புங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் அஞ்சுவது எரியும் கார்டை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அனிமேஷன் கலைஞர், கெடுவுக்கு முந்தைய இரவு பீட்டா போட்டு ரெண்டர் (கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபிரேமாகப் படத்தை உருவாக்குவது) விட்டார். க்ராஷ் எதுவும் இல்லை. காலையில் கோப்பு தயார், அனுப்பியும்விட்டார். மதியம் வாடிக்கையாளர் ஒரு படத்துண்டை அனுப்பிக் கேட்டார்: கதவு நிழலில் விரல் நகம் அளவுக்கு ஒரு கருப்புச் சதுரம். நானும் அவரும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். இருள் அடர்ந்த இடங்களில் மட்டும், மொத்தம் மூன்று ஃபிரேம். ஓடும்போது கண்ணுக்குப் படவே படாது. பழைய டிரைவருக்குத் திரும்பி அதே ஃபிரேம்களை ரெண்டர் செய்தபோது சதுரங்கள் இல்லை. க்ராஷ் ஆகிற பிழை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த மாதிரிப் பிழை வேலை கைவிட்டுப் போன பிறகுதான் தெரியவரும். ஒன்பது நாளில் நாற்பது நிமிடப் படத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.

"ஒரே க்ளிக்ல பழசுக்குப் போயிடலாம்"

தம்பி சொல்வது பாதி உண்மை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ரோல்பேக் பொத்தான் இருக்கிறது. முந்தைய டிரைவரின் பிரதி சேமிப்பில் இருந்தால்தான் அது வேலை செய்யும். நிறையப் பேருக்குத் தேவைப்படும் நாளில் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். சுத்தமாக இன்ஸ்டால் செய் என்ற வசதியைத் தேர்ந்திருந்தால் பழையது போயே போயிருக்கும். ஆகவே திரும்பி வரும் வழியை முதலிலேயே போட்டு வையுங்கள்.

இப்போது ஓடும் டிரைவரின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே பதிப்பின் இன்ஸ்டாலரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். ப்ராஜெக்ட் கோப்புகளை, மூலக் காட்சிகளோடு, வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள். விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரிஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்குங்கள். உங்கள் டிஸ்க், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று இப்போதே கண்டுபிடியுங்கள்; அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் திறக்கும் சேஃப் மோடுக்குப் போகும் வழியில் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், அந்தப் பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.

பழைய டிரைவரை வேரோடு நீக்க வேண்டி வந்தால், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியைச் சேஃப் மோடில், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டுவதுதான் வழக்கம். இணையம் இருந்தால் நீங்கள் நீக்கி முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். விண்டோஸ் அப்டேட் பின்னணியில் ஓடும்போது டிரைவரையே மாற்றாதீர்கள். 2023-இல் ஏஎம்டி இன்ஸ்டாலரில், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போடும் வசதியும் விண்டோஸ் அப்டேட்டும் ஒரே நேரத்தில் மோதி, அரிதாகச் சிலருக்கு விண்டோஸே திறக்காமல் போனது.

இன்ஸ்டால் நடக்கும்போது திரை கருப்பாகி, ஐகான்கள் பெரிது பெரிதாகத் தெரிந்து, மறுபடி ஒருமுறை கருப்பாகும். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஓரிரு நிமிடம் பொறுத்தால் தானாகச் சீராகிவிடும்.

வாரண்டியும் பொறுப்பும்

தயாரிப்பாளர் தானே தன் தளத்தில் வெளியிட்ட பீட்டாவைப் போட்டதற்காக மட்டும் கார்டின் வாரண்டி போவது பொதுவாக நடப்பதில்லை. ஆனால் டிரைவரின் உரிம ஒப்பந்தத்தைப் படித்தால், அதனால் இழந்த வேலைக்கோ, தகவலுக்கோ நிறுவனம் பொறுப்பில்லை என்பது தெளிவாக இருக்கும். படம் தாமதமானால் உங்கள் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வேகத்தைக் கூட்டி வைத்ததை வாரண்டி எப்படிப் பார்க்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பீட்டா என்பதற்காக டிரைவரை யார் தந்தது என்று பார்க்கும் விண்டோஸின் கையெழுத்துச் சோதனையையோ, கம்ப்யூட்டர் திறக்கும்போதே நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டையோ அணைக்கச் சொல்லும் எதையும் ஏற்றாதீர்கள். முறையான பீட்டா டிரைவர்களும் மைக்ரோசாஃப்ட் வழியாகக் கையெழுத்திடப்பட்டே வருகின்றன. அணைக்கச் சொன்னால் அது வேறு யாரோ கைவைத்த கோப்பு.

தம்பிக்கு ஒரு வார்த்தை

ஆன்லைனில் போட்டியாக ஆடுகிறவர் என்றால், டிரைவரில் புதிதாக வரும் வேக வசதிகளை உடனே ஆன் செய்ய வேண்டாம். 2023 அக்டோபரில் ஏஎம்டியின் ஆன்டி-லேக் பிளஸ் வசதி கேமின் உள்கோப்புகளில் குறுக்கிட்டு வேலை செய்தது. கவுன்டர்-ஸ்டிரைக் 2-இன் மோசடித் தடுப்பு அதைக் கள்ள ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு கணக்குகளைத் தடைசெய்தது. ஏஎம்டி அந்த வசதியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தடைசெய்யப்பட்ட ஆட்டக்காரர்கள் இதில் தவறு செய்தவர்கள் இல்லை, ஒரு பொத்தானை ஆன் செய்தவர்கள்.

உங்கள் இருவருக்கும் ஒத்துவரும் வழி ஒன்று சொல்கிறேன். டிரைவர் டிஸ்கில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? சிறிய எஸ்எஸ்டி ஒன்றைக் கூடுதலாக மாட்டி, அதில் தம்பிக்கென்று தனியாக ஒரு விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர் அங்கே பீட்டாவும் போடலாம், அதற்கடுத்த பீட்டாவும் போடலாம். நீங்கள் உங்கள் டிஸ்கிலிருந்து கம்ப்யூட்டரைத் திறக்கும்போது உங்கள் டிரைவர் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒரே மேசையில் வேலையும் விளையாட்டும் நடக்கிற வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இந்த வேலையையும் படம் முடிந்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனத்தின் கார்டு என்று நீங்கள் எழுதவில்லை. என்விடியாவாக இருந்தால், உங்கள் பக்கத்துக்கு ஸ்டுடியோ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங், அனிமேஷன் மென்பொருள்களை வைத்துச் சோதித்து, 2019 முதல் தனியாக வெளியிடுகிறார்கள். அதில் கேம்களும் ஓடும், புதிய கேமுக்கான திருத்தங்கள் மட்டும் சற்றுத் தாமதமாக வரும். இதையும் இந்த ஒன்பது நாளில் மாற்ற வேண்டாம். கார்டின் வேகத்தைத் திருப்பி வைத்த பிறகும் கருப்பு தொடர்ந்தால் மட்டும், மூன்று வாரத்துக்கு முன் நன்றாக ஓடிய டிரைவர் பதிப்புக்குத் திரும்புங்கள். இடையில் அது மாறியிருந்தால்தான் அதற்கும் அவசியம். அதற்குள் படம் நின்றுவிடாமல் இருக்க, எக்ஸ்போர்ட்டை ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக எடுத்துக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் அறுந்தாலும் ஒரு துண்டுதான் போகும்.

இன்றிரவு வேகத்தைக் குறைத்துவிட்டு எக்ஸ்போர்ட் விடும்போது, தொடங்கிய நேரத்தையும், திரை கருத்தால் அந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஈவென்ட் வியூவரில் 4101 காட்டும் நேரங்களை அதற்குப் பக்கத்தில் எழுதி, கார்டின் மாடலோடு எனக்கு அனுப்புங்கள். மீதியை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.